தோளில் ஒரு தட்டு: திருகோணமலையில் ஸ்கூட்டியில் மூன்று நாள்

போன ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நானும் என் கணவரும் வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனோம். கடல் பார்க்கப் போகிறோம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னோம். உண்மையான காரணம் வேறு. இவரை மறுபடியும் ஒரு இருசக்கர வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் திட்டம். அதற்கு வவுனியா சரிவராது. அங்கே எந்தச் சந்தியில் நின்றாலும் இவரிடம் படித்த பிள்ளைகள் நாலு பேர் வந்து, "சேர், கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டு, ஆறின புண்ணைக் கிளறிவிட்டுப் போவார்கள்.

இவர் கணித ஆசிரியர். இரண்டு வருடத்துக்கு முன்னர் பரீட்சை மேற்பார்வைக்குப் போய், இன்னொரு ஆசிரியரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது நாய் ஒன்று குறுக்கே ஓடியது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு. இவருக்கு முழங்காலில் தகடு. ஆறு மாதத்தில் கால் நடக்கத் தொடங்கிவிட்டது, மனம்தான் எழும்பவில்லை. அதுவரை தானே வண்டி ஓடித் திரிந்தவர், அதன் பிறகு பஸ், ஓட்டோ, இல்லாவிட்டால் நடை. இரண்டு சில்லில் ஓடும் எதையும் கிட்டப் போய்ப் பார்க்கவும் மாட்டார்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் 'மிஸ்ஸி' என்றால்தான் தெரியும். குழந்தை நிறுக்கும் தராசும் பையுமாகப் பதினான்கு வருடமாக வீடு வீடாக ஸ்கூட்டியில் திரிகிறேன். மழை, சேறு, யானை வரும் ஒழுங்கை எல்லாம் பார்த்தாயிற்று. இதுவரை விழுந்ததில்லை. ஒரு கோழியை மட்டும் இடித்திருக்கிறேன், அதுவும் கோழியின் பிழை. அதனால் எனக்கு என் ஓட்டத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பயந்த ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போக நினைத்தால் இந்தப் பதிவு உதவும்.

நான் மூன்று மாதம் கெஞ்சிய பிறகு இவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"நான் தோளில தட்டினா நீர் நிப்பாட்ட வேணும். ஏன் எண்டு கேக்கக்கூடாது."

"ஓம்."

"எந்த இடத்திலயும்."

"ஓம் எண்டு சொல்லிட்டன்தானே!"

"ஒருக்கா நிப்பாட்டாட்டியும் நான் இறங்கிப் பஸ்ஸில போயிடுவன். அதுக்குப் பிறகு இந்தக் கதையே எடுக்கக்கூடாது."

கணித ஆசிரியர் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு விதி வேண்டும். ஒரு தட்டுத்தானே என்று நானும் தலையாட்டினேன்.

காலை ஆறரை பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ 95 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தங்கியது அன்புவழிபுரத்தில், மலர் அக்கா என்பவர் வீட்டு மேல்மாடி அறை. ஒரு நாளைக்கு 4500 ரூபாய், குசினியில் சமைத்துக்கொள்ளலாம், கேற்றுக்கு உள்ளே வண்டி விட இடம் உண்டு. கடற்கரை விடுதிகளில் இதே காசுக்கு வெறும் கட்டில்தான் கிடைக்கும்.

ஸ்கூட்டி எடுத்தது உப்புவெளியில். நாளுக்கு 2500 ரூபாய். சாரதி அனுமதிப்பத்திரத்தின் பிரதி கேட்டார்கள். கடைக்காரர் றிஸ்வான் கிண்ணியாக்காரர், வாய் ஓயாத மனிதர். நான் முன் பிரேக், பின் பிரேக், டயர், சிக்னல், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டாவது ஹெல்மெட்டின் தாடைப் பட்டி மட்டும் பூட்டாமல் வழுகியது. வேறொன்று தரச் சொன்னேன்.

"வெள்ளக்காரங்க ஹெல்மெட்டே கேக்கிறல்ல. நீங்க பட்டிக்குச் சண்ட பிடிக்கிறீங்களே தங்கச்சி!"

"அவையின்ர தலை அவைக்கு. இவர் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவர், தலை வேணும்."

சிரித்துக்கொண்டு உள்ளே போய்ப் புதிது ஒன்று கொண்டுவந்தார். போகும்போது, "பஸ்காரன் ஹோன் அடிச்சாப் பதறாதீங்க. எங்கட றோட்டுல அது சலாம் சொல்ற மாதிரி" என்றார். மூன்று நாளும் எனக்கு உதவிய புத்திமதி அது. ஹோன் சத்தம் ஒரு செய்தி மட்டும்தான். அதற்குக் கோபிக்கவும் வேண்டாம், கட்டளை என்று நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். கண்ணாடியைப் பார்த்து, எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதல் நாள் வடக்கே, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி வரை. அறையிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். ஓகஸ்டில் இந்த வீதி உல்லாசப் பயணிகளால் நிரம்பி வழியும். அரைக் காற்சட்டையோடு ஸ்கூட்டியில் ஆடி ஆடி வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஆள் கண்ட இடத்தில் டக்கென்று நிற்கும் ஓட்டோக்கள், பின்னால் பெட்டி கட்டி மீன் கொண்டு பறக்கும் மோட்டார் சைக்கிள்கள். மீன்காரர்களோடு போட்டி போடாதீர்கள். ஐஸ் உருகுவதற்குள் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு, நமக்கு ஒரு அவசரமும் இல்லை.

முதல் தட்டு அன்புவழிபுரம் தாண்டுவதற்குள்ளேயே விழுந்தது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வேகம் குறைத்து, தார் விளிம்புக்கு வெளியே இறக்கி நிறுத்தினேன். ஏன் என்று கேட்கவில்லை. அவராகவே ஒரு கடை வாசலைக் காட்டினார். நாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது.

"நித்திரை கொள்ளுது" என்றேன்.

"எழும்பினா?"

பிறகு ஆட்டுக்கு ஒரு தட்டு, திரும்பும் ஓட்டோவுக்கு ஒரு தட்டு, எதிரே ஒன்றுமே இல்லாமல் ஒரு தட்டு. இருபது கிலோமீற்றர் போக ஒன்றரை மணித்தியாலம். ஒரு சைக்கிள்காரர் எங்களை இரண்டு தரம் முந்தினார். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நின்றேன். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தோம். இவர் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்ட பிறகு என் எரிச்சல் போய்விட்டது. திரும்பி வரும்போது மூன்றே மூன்று தட்டு.

இரண்டாம் நாள் தெற்கே. சீனன்குடா, வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலம், அதற்கு அப்பால் மூதூர். போக மட்டும் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். வீதி நல்ல வீதி. சிக்கல் காற்றுதான். ஓகஸ்ட் மாதத்தில் கச்சான் காற்று தரைப் பக்கமிருந்து கடலுக்கு அடிக்கும், பாலத்தில் மறைப்பு ஒன்றும் இல்லை. பெரிய லொறி நம்மைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் நின்றுவிடும். லொறி போனதும் மொத்தமாக வந்து மோதும். அந்த நேரத்தில் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி இழுபடும். கையைத் தளர்வாக வைத்து, முழங்காலை வண்டியோடு ஒட்டி, மணிக்கு முப்பதில் போனால் ஒன்றும் ஆகாது. பின்னால் இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். இவர் மூச்சுக்கூட விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் மூதூரால் திரும்பிக் கிண்ணியாவுக்கு வரும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. பள்ளிவாசல் பக்கம் வீதி முழுக்க மோட்டார் சைக்கிள், தொப்பி போட்ட சிறுவர்களும் பெரியவர்களுமாக எல்லோரும் விரைந்துகொண்டிருந்தார்கள். நுழைந்து நெளிந்து போயிருக்கலாம். போகவில்லை. மரத்தடியில் வண்டியை விட்டு ஜும்ஆத் தொழுகை முடியும் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறவர்கள் பதினொன்றரைக்கு முன்னரோ இரண்டு மணிக்குப் பிறகோ கிண்ணியாவைக் கடப்பது எல்லோருக்கும் நல்லது. அந்த மரத்தடியில்தான் இவர், "இண்டைக்குப் பாலத்தில தட்டேல்ல, கவனிச்சனீரோ?" என்று கேட்டார். கவனிக்காமல் இருப்பேனா! அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தத் துணிவில் மூன்றாம் நாள் கந்தளாய்க்குப் புறப்பட்டோம். 40 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. திருகோணமலைப் பக்கத்து வீதிகளில் பொறுமையைச் சோதிப்பது இதுதான். துறைமுகப் பக்கமிருந்து சீமெந்தும் மாவும் ஏற்றிய லொறிகள், எரிபொருள் பவுசர்கள், நேரத்துக்கு ஓடும் பஸ்கள் எல்லாம் இந்த வீதியால்தான் போக வேண்டும். நான் இடது பக்கம் பிடித்து நாற்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். தம்பலகாமம் சந்தி வரை ஒரே ஒரு தட்டு.

சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வீதியின் இடது ஓரத்தில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சிறுபோக அறுவடைக் காலம். தார் நன்றாகச் சுடும் என்பதால் இந்தப் பக்கம் வீதிதான் களம். பாயும் இல்லாமல் அப்படியே கொட்டி, வாகனம் ஏறாமல் இருக்க வீதிப் பக்கமாகத் தேங்காய் அளவு கற்களை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். அந்த வரிசை இருநூறு மீற்றராவது இருக்கும். நான் கல்லுக்கு வெளியே, வீதிக்குள் வந்து ஓட வேண்டியிருந்தது. அதே நேரம் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. எதிரே சீமெந்து லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்ததால் பஸ்ஸால் முந்த முடியவில்லை. ஹோனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை.

அப்போது என் தோளில் தட்டு விழுந்தது.

இடது பக்கம் கல்லும் நெல்லும். நெல்லில் ஏறினால் மணலில் ஏறினது போல வழுக்கும். வலது பக்கம் லொறி. பின்னால் பஸ். அந்த இடத்தில் பிரேக்கைத் தொட்டால் என்ன நடக்கும் என்று யோசிக்க நேரம் தேவையில்லை. இரண்டாவது தட்டு விழுந்தது, மூன்றாவதும். நான் நிற்பாட்டவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. ஹோனுக்குப் பயந்து கூட்டினால் முன்னுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்காது. வலது கை அக்சிலேற்றரில், ஆகவே இடது கையை ஒரு கணம் எடுத்து, பொறு என்று பஸ்காரனுக்குக் காட்டிவிட்டு அதே வேகத்தில் போனேன். நெல் முடிந்தது. கல் முடியவில்லை. நெல்லை ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போன இடத்திலும் கற்கள் அப்படியே கிடந்தன. அதையும் கடந்து, சிக்னல் போட்டு, புல்லில் இறக்கி நிறுத்தினேன். பஸ் உரசுகிற மாதிரிப் போனது. மிதிபலகையில் தொங்கிய கண்டக்டர், "அக்கா, றோட்டு உங்கட சீதனமோ!" என்று கத்திவிட்டுப் போனான்.

வேறொரு நாள் என்றால் நான் அவனுக்கு நல்ல பதில் ஒன்று கொடுத்திருப்பேன். அன்று அதற்குள் இவர் இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி சீற்றில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார். சந்தியில் பஸ் தரிப்பிடம் இருப்பது எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை மீறினது நான். மீறாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம். இதை எப்படிச் சொல்வது? மூன்று மாதக் கெஞ்சலும் மூன்று நாள் பொறுமையும் இருநூறு மீற்றரில் போயிற்று என்று நின்றேன்.

அவர் சந்திக்குப் போகவில்லை. நெல் இல்லாத இடத்தில் கிடந்த முதல் கல்லடியில் நின்றார். தகடு வைத்த காலை நீட்டி, மற்றக் காலை மடித்துக் குனிந்து கல்லைத் தூக்கி வாய்க்கால் பக்கம் எறிந்தார். அடுத்த கல்லையும் எறிந்தார். நான் ஓடிப்போய் மற்ற முனையிலிருந்து பொறுக்கத் தொடங்கினேன்.

நெல்லைக் கிளறிக்கொண்டு நின்ற ஒரு மனிதர் பலகையோடு ஓடி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி. நான் அடக்கி வைத்ததெல்லாம் அவர் மேல் பாய்ந்தது.

"நெல்லை அள்ளினீங்க, கல்லை ஆர் அள்ளுறது? இருட்டில ஒருத்தர் வந்தா என்ன கதி?"

"கோவிக்காதீங்க தங்கச்சி. நேத்து மழை இருட்டிச்சு, அவசரத்தில அள்ளினது. கல்ல மறந்திட்டம்" என்றார். பிறகு மெதுவாக, "களத்தில போட்டா மாடு, றோட்டில போட்டா பஸ். நாங்களும் எங்க கொண்டு போறது?" என்றார். சொல்லிக்கொண்டே அவரும் குனிந்து கல்லைத் தூக்கினார். கால் மணித்தியாலத்தில் அந்தப் பக்கம் வெறுமையானது. நெல் கிடந்த பக்கத்துக் கல்லுகளில் ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாக்குத் துண்டு கட்டி, தூரத்திலேயே தெரியும்படி செய்யச் சொன்னோம். செய்கிறேன் என்றார்.

வண்டியடிக்கு வந்ததும் இவர் கையைத் துடைத்தார்.

"நான் தட்டினனான்."

"தெரியும். மூண்டு தரம்."

"நீர் நிப்பாட்டியிருந்தா பஸ் எங்களுக்கு மேலால போயிருக்கும். தட்டேக்கையே எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கை தட்டுது. என்ன செய்யிறது?"

அவர் ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டியைப் பூட்டினார்.

"விதியை மாத்துவம். தட்டுறது என்ர பாடு. நிப்பாட்டுறதும் ஓடுறதும் உம்மட பாடு. ஏறும்."

ஏறினேன். கண் கலங்கியிருந்ததால் கிளம்ப ஒரு நிமிடம் எடுத்தது, கலங்கிய கண்ணோடு வீதியில் ஏறக்கூடாது. கந்தளாய்க் குளக்கட்டில் காற்று வாங்கி, வீதியோரக் கடையில் சட்டித் தயிரும் பாணியும் சாப்பிட்டு, வெயில் தணிய முன்னர் திரும்பினோம். தட்டு விழுந்தது, ஓம். நின்ற இடமும் உண்டு, நிற்காத இடமும் உண்டு.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விடயம். மூன்று நாளும் சேர்த்து ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர் ஓடினோம், பெற்றோல் ஐந்தரை லீற்றர் போனது. கந்தளாய் வீதிக்குக் காலை ஏழுக்கு முன்னர் இறங்குங்கள், எட்டுக்குப் பிறகு லொறிகளோடுதான் குடித்தனம். பொழுதுபட்ட பிறகு ஓடவேண்டாம், தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுவீதியில் வந்து படுக்கும். எதிரே வருகிறவர் வெளிச்சத்தை அடித்தால் நான் வருகிறேன் என்று அர்த்தம், நீ போ என்று அல்ல. பின்னால் இருக்கிறவர் பயந்தால் சிரிக்காதீர்கள். பயப்படாதே என்று சொல்வதால் எந்தப் பயமும் போனதில்லை. ஒரே மாதிரி ஓடினால், கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நாலாம் நாள் காலையில்தான் படித்தேன். பத்தரைக்கு வவுனியா பஸ், அதற்கு முன்னர் ஸ்கூட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் எழும்பும்போது ஆறே கால். கட்டிலில் இவர் இல்லை. கீழே இறங்கினால் கேற்றுக்கு உள்ளே ஸ்கூட்டியும் இல்லை. மலர் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சேர் பாண் வாங்க எண்டு போனவர். நான் கேட்டனான், தங்கச்சி எழும்பட்டுமே எண்டு. வேணாம் எண்டிட்டார்."

பாண் விற்கும் பேக்கரிக் கடை மூன்று நிமிடத் தூரம். பத்து நிமிடம் பார்த்தேன். அரை மணித்தியாலம் பார்த்தேன். கேற்றடியில் போய் நின்றேன். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் வீதியை எட்டிப் பார்த்தேன். கையில் ஃபோன் இருந்தது, அவருடைய இலக்கத்தையும் எடுத்துவிட்டேன். அழுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்தால் சட்டைப் பையில் ஃபோன் அதிரும், இவர் எடுக்கப் பார்ப்பார், ஒரு கை போதாது. வீட்டில் நிற்கிறவர்கள் செய்யக்கூடிய பொறுப்பான வேலை, அழைக்காமல் நிற்பதுதான். பதினான்கு வருடமாக இந்த மனிதர் எனக்காக இப்படித்தான் கேற்றடியில் நின்றிருக்கிறார். பேறு நேரத்து அவசரம், மழை, இருட்டு என்று நான் பிந்தி வந்த எந்த நாளும் ஓட்டத்தின் நடுவே இவர் எனக்கு அழைத்ததில்லை. அக்கறை குறைவு என்று ஒருமுறை சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

ஏழே முக்காலுக்கு வீதி முனையில் எங்கள் ஸ்கூட்டி தெரிந்தது. மணிக்கு இருபதில், சிக்னல் போட்டபடி, யாருமில்லாத ஒழுங்கையிலும் இரு பக்கமும் பார்த்துத் திரும்பி வந்தார். ஹெல்மெட் பட்டி பூட்டியிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "பாண் எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

இவர் வண்டியை நிறுத்தி, வெறும் கூடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் முழுக்கக் காற்றுப் பட்ட சிவப்பு.

"பாணோ? கடையைத் தாண்டிப் போயிட்டன். இறக்கக்கண்டிப் பாலத்திலதான் ஞாபகம் வந்தது."